இறங்க வேண்டிய இடம்

முதல் அழைப்பு வந்தபோது உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே ஒரு வயலில் போர்வெல் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மோட்டார் பழுதுபார்ப்பது என் தொழில். கை முழுக்க கிரீஸ். அழைத்தது என் மனைவி விமலா.

"இன்னாய்யா, எங்க கீற?"

"வேலைல கீறேன். இன்னா ஆச்சி?"

"மாரு படபடன்னு அடிச்சிக்கினு கீது. வெரலெல்லாம் மரத்துப்போச்சி. செத்துடுவேன் போல கீது. வந்துடு."

அவள் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துவந்தாள். காலையில் கம்பெனிப் பேருந்து கதவைச் சாத்திப் புறப்பட்டதும் மூச்சு அடைத்திருக்கிறது. வழியிலேயே இறங்கி, சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நான் போனபோது முகம் வெளுத்து, உடம்பெல்லாம் வியர்த்திருந்தது.

மருத்துவமனையில் ஈசிஜி (இதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் வரைந்து காட்டும் பரிசோதனை) எடுத்தார்கள். இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. "ஒண்ணும் இல்லம்மா, தைரியமா இருங்க" என்று அனுப்பினார்கள்.

வெளியே வந்ததும் விமலா கேட்டாள்: "ஒண்ணும் இல்லன்னா, எனக்கு வந்தது இன்னா?"

நான் வண்டியை எடுத்தேன்.

அதன் பிறகு அது அடிக்கடி வந்தது. முதலில் கம்பெனிப் பேருந்தை விட்டாள். பிறகு வேலையை. பிறகு கடைத்தெருவுக்குத் தனியாகப் போவதை. என் அம்மா காத்துக்கருப்பு என்றாள், கயிறும் கட்டினோம். சில மாதங்களில் அவளுடைய ஊர் எங்கள் தெருவின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. நான் வெளியே போனால் போன் அடித்துக்கொண்டே இருக்கும். "ஒண்ணும் ஆவாது, தோ வந்துட்டேன்" என்று சொல்லி, பாதி வேலையில் வண்டியை எடுப்பேன்.

ஒருநாள் கேட்டேன்: "அப்படி இன்னாதான் பண்ணுது உனக்கு?"

யோசித்துச் சொன்னாள். "படி எறங்கும்போது இன்னொரு படி கீதுன்னு கால வெப்போம், இருக்காது பாரு. அப்ப ஒரு நொடி திக்குனு ஆவும் இல்ல? எனக்கு அந்த ஒரு நொடி மத்தியானம் வரைக்கும் போவுது."

அன்றுதான் காஞ்சிபுரத்தில் ஒரு மனநல மருத்துவரைப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். அக்கம்பக்கத்தில் என்ன பேசுவார்களோ என்ற தயக்கம் எனக்குத்தான் இருந்தது. அவளுக்கு இல்லை. "பேசறவன் வந்து என் மூச்ச வுடப்போறானா?" என்றாள்.

மருத்துவர் எங்கள் வயதுப் பெண்மணி. முழுதும் கேட்டுவிட்டு, இது பீதிக் கோளாறு (ஆபத்து எதுவும் இல்லாதபோதும், ஆபத்தில் சிக்கியதுபோல் உடல் திடீரெனப் பதறும் நோய்) என்றார். "உங்க உடம்பு பொய் சொல்லலைம்மா. படபடப்பு நிஜம், பயமும் நிஜம். ஆபத்து மட்டும்தான் இல்ல." விமலா அழுதாள். அவள் சொன்னதை ஒருவர் அப்படியே நம்பியது அதுதான் முதல் தடவை.

பிறகு மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "அவங்க கூப்பிட்டா உடனே ஓடிடறீங்களா?"

"ஆமா மேடம்."

"அன்புலதான் ஓடறீங்க. ஆனா நீங்க வந்ததாலதான் பொழைச்சோம்னு அவங்க உடம்பு கத்துக்குது. நீங்க வராமலும் அது அடங்கும்னு அதுக்குத் தெரியணும்."

மருத்துவர் தந்த மாத்திரையைத் தொடங்கிய நாட்களில் விமலாவுக்குக் குமட்டல் வந்தது. நிறுத்திவிடலாம் என்று தோன்றியபோது மருத்துவரிடம் கேட்டோம். நாங்களாக நிறுத்தக் கூடாது, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றார். அப்படித்தான் ஆனது. கூடவே வெளிப்பாட்டுப் பயிற்சி (பயப்படும் இடத்தைத் தவிர்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அங்கே போய் இருந்து பழகும் சிகிச்சை). முதலில் நின்றிருந்த பேருந்தில் ஏறி இறங்கினோம். பிறகு ஓடும் பேருந்தில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு கடைசி இருக்கையில். பிறகு பைக்கில் பின்னாலேயே போனேன்.

ஒருநாள் காலை, காஞ்சிபுரம் பேருந்தில் தனியாகப் போவதாகச் சொன்னாள். "பின்னாலயும் வராத. போனும் பண்ணாத. முடிஞ்சா நானே பண்றேன்."

பேருந்து போய்விட்டது. நான் பேருந்து நிலையத்திலேயே நின்றேன். சிறிது நேரத்தில் உள்ளங்கை ஈரமானது. நெஞ்சு அடித்துக்கொண்டது. வழியில் எங்காவது விழுந்துகிடக்கிறாளோ என்று நினைத்தேன். போனை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். ஒரு அழைப்பு செய்தால் போதும், இது அடங்கிவிடும் என்று தோன்றியது. இத்தனை மாதம் அவள் என்னை ஏன் அழைத்தாள் என்பது அப்போதுதான் என் உடம்புக்குப் புரிந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நெஞ்சு அடிக்கிற மட்டும் அடிக்கட்டும் என்று நின்றேன்.

அவளே அழைத்தாள். பின்னணியில் காஞ்சிபுரத்து ஆட்டோ ஹாரன்கள்.

"பாதி வழில வந்திச்சி. எறங்கிடலாம்னு எழுந்து நின்னுட்டேன். கண்டக்டர் 'எங்கம்மா எறங்கணும்?'னு கேட்டாரு. 'நான் எறங்கற எடம் இன்னும் வரல'ன்னு சொல்லி உக்காந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, கம்பியப் புடிச்சிக்கினு உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல தானா போச்சி."

இதே நோயோடு இருப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் இதைப் படிக்கக்கூடும். முதல் தடவை நெஞ்சு படபடத்தால் இதயத்தைக் கட்டாயம் சோதித்துவிடுங்கள். பதற்றம்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால், அதோடு நிற்காதீர்கள். மனநல மருத்துவரிடம் போங்கள்.

விமலா இப்போது மறுபடியும் வேலைக்குப் போகிறாள். நோய் முழுதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் ஒரு வாரம் திரும்ப வந்து ஆட்டிவைத்தது. அந்த வாரமும் அவள் பேருந்தை விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் நின்றவள் சட்டென்று மார்பில் கை வைத்தாள். நான் எழுந்தேன்.

"ஆரம்பிச்சிடிச்சா?"

"ஆமா. அது பாட்டுக்கு அடிச்சிக்கினு இருக்கட்டும். நீ உக்காரு, நான் சோறு வடிக்கணும்."

உட்கார்ந்தேன். முன்பெல்லாம் அந்த ஒரு நொடி எங்கள் பகல் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அன்று சோறு வடிகிற நேரம்தான் எடுத்துக்கொண்டது. கஞ்சியில் உப்புப் போட்டு, ஆளுக்கொரு டம்ளர் ஊற்றினாள். குடித்தோம்.