ஐயாயிரம் அடிக் காபிக்கு ரசீது

மலைக் காபித் தோட்டங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் எனக்கு எழுதுகிறார்கள். எந்த மாதம் போகலாம், எங்கே தங்கலாம், அசல் சரக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று. மலை ஏறிய கதைகளை எழுதியாயிற்று. இது மலையே ஏறாமல் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான் அலைந்த கதை. வருஷம் 1973, பிப்ரவரி கடைசி. போக வர சுமார் பத்தொன்பது கிலோமீட்டர். நாலு பஸ்ஸுக்கும் சேர்த்து எண்பது பைசா. கிளம்பிய காரணம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தேகம்.

அந்தக் காலத்துச் சட்டம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டங்களில் விளையும் காபி எல்லாம் அரசின் பொதுத் தொகுப்புக்குப் போக வேண்டும். ‘பூல்’ என்பார்கள். எந்த மலை, எத்தனை அடி உயரம் என்ற பெயரெல்லாம் அங்கே காணாமல் போய்விடும். ஏலத்தில் எடுத்த கடைக்காரர் தருவதைத்தான் நாம் குடித்தோம். ஆக, இன்ன தோட்டத்துக் கொட்டை என்று ஒருவர் கையில் ஒன்று இருந்தால் அது போலியாக இருக்கும், இல்லாவிட்டால் திருட்டாக இருக்கும். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. பக்கத்து மேஜை நாகராஜன், அடையாற்றுக்காரர். நாலு வருஷமாகச் சேர்ந்துதான் மத்தியானச் சாப்பாடு. டிபன் பாக்ஸைத் திறந்ததும், தன் கை படுவதற்கு முன்பே மூடியில் எனக்கு ஒரு பங்கு எடுத்து வைத்து என் பக்கம் தள்ளிவிடுவார். என்ன ஏதென்று பார்க்காமலே சாப்பிடுவேன். பதிலுக்கு நான் கொடுத்ததெல்லாம் பேச்சு. மயிலாப்பூர் காபிக்கு மிஞ்சிய காபி உலகத்தில் இல்லை என்று தினமும் அவரிடம் அளந்துகொண்டிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை அவர் ஒரு துணிப்பையை என் மேஜைமேல் வைத்தார்.

“மலைலேர்ந்து அக்கா வந்துகீது சார். அய்யாயிரம் அடில வெளையற காப்பி. ஒரு கிலோ கீது. குட்ச்சிப் பாத்துட்டு அப்பால பேசு சார்.”

பணம் எவ்வளவு என்றேன். சிரித்துக்கொண்டே ஃபைலைத் திறந்துவிட்டார். அங்கேதான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. ஒரு கிலோ காபியை ஓசியில் யார் கொடுப்பார்கள்? வீட்டில் பையைப் பிரித்தால் கொட்டை சின்னதாக, நீலம் பாய்ந்த பச்சையில் இருந்தது. எங்கள் கடைக்காரர் காட்டும் கொட்டை பெரிசாக, வெளிறி இருக்கும். என் சந்தேகத்துக்கு இது போதாதா?

ஞாயிறு காலை 7.10க்கு மயிலாப்பூர்க் குளத்தோரம் பஸ் ஏறினேன். தி.நகர் பனகல் பார்க் நாலரை கிலோமீட்டர், இருபது பைசா. பார்க்குக்குப் பின்னால் ஒரு சந்தில் வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை இருந்தது. கிலோவுக்கு ஒரு ரூபாய் கூலி. எங்கள் தெருவிலேயே கடை உண்டு, ஆனால் தெரிந்தவர் கண்ணில் இது படக்கூடாது என்று நினைத்தேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“கல்லு மாதிரில்லா இருக்கு. ஒசந்த எடத்துச் சரக்கு. இது பூல்ல வந்தது இல்லையே, எங்க புடிச்சிய?”

“சொந்தக்காரர் கொடுத்தார்” என்று புளுகினேன்.

“சரி, பாத்து வச்சிக்கிடுங்க.”

அந்தக் கடைசி வார்த்தையில் எச்சரிக்கை இருந்தது. நான் சோதிக்க வந்தது சரக்கு போலியா என்று. இவரோ திருட்டைப் பற்றிப் பேசுகிறார். வழக்கமாகப் போடும் சிக்கரியை வேண்டாமென்று சொல்லி, தனிக் காபியாகவே அரைத்து வாங்கினேன். கொட்டை கெட்டி என்பதால் வறுபட வழக்கத்தைவிட நேரமாயிற்று. திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் என் அருகில் வந்து மூக்கை உறிஞ்சினார்.

“இன்னா சாமி, பைல இன்னா கீது? வண்டியே மணக்குது.”

மிளகாய்ப் பொடி என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

வீட்டில் என் மனைவி கமலா, அரைத்த இடத்தில் ஏதாவது கலந்திருப்பார்களோ என்று ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரில் பொடியைத் தூவினாள். சிக்கரி என்றால் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் போகும். இது மேலேயே மிதந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். பில்டரில் போட்டதும் டிகாக்‌ஷன் மளமளவென்று இறங்கிவிட்டது. நிறமும் கம்மி. பாலை விட்டு ஒரு வாய் குடித்தோம்.

“என்னன்னா இது, தண்ணியா எறங்கிடுத்து. வாயில வெச்சா புளிக்கறது” என்றாள்.

எங்கள் நாக்கு பிறந்ததிலிருந்து சிக்கரியின் கருப்பிலும் கசப்பிலும் வளர்ந்தது. அது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: கலப்படம் என்றால் மிதக்காது, நல்லது என்றால் புளிக்காது. ஆகவே இது தோட்டத்தில் கழித்துப் போட்டது, அதையும் யாரோ களவாடியிருக்கிறார்கள். திருட்டுக் காபி குடித்தேன் என்று நாளைக்கு யாராவது மொட்டைக் கடிதாசு போட்டால் என் வேலை என்ன ஆவது? பொடியைத் திரும்பக் கட்டினேன்.

மாலை நாலு மணிக்கு அடையாறு பஸ். ஐந்து கிலோமீட்டர், அதே இருபது பைசா. டெப்போவிலிருந்து ஏழு நிமிஷ நடை. நாகராஜனுக்கு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். நாலு வருஷத்தில் நான் அவர் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. “தனம், சார் வந்துகிறாரு பாரு. காப்பி நல்லா கீதுன்னு சொல்ல இம்மாந் தூரம் வந்துகிறாரு” என்று உள்ளே குரல் கொடுத்தார். அக்காவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார் போலிருக்கிறது.

நான் பையை நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டு, வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கேள்வியைக் கேட்டேன்.

“இதுக்கு ரசீது ஏதாவது இருக்கா?”

நாகராஜன் திரும்பி அக்காவைப் பார்த்தார். தனம்தான் பேசினார். அவர் வீட்டுக்காரர் ஏற்காட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணக்குப்பிள்ளை.

“புளிச்சுதா சார்? அதான் அதோட ருசி. மேல குளுரு ஜாஸ்தி. கீழ் தோட்டத்துல பழம் பறிச்சு முடிச்சு ரெண்டு மாசம் கழிச்சுதான் எங்களுது செவக்கும். சித்திரைல ஒரு மழ பெய்யணும், அப்பதான் பூக்கும். அந்த மழ தப்பிருச்சுன்னா அந்த வருசம் அவ்ளோதான்.”

மேலும் சொன்னார். உச்சிச் சரிவில் இருப்பது ஒரு துண்டு நிலம். சில்வர் ஓக் மர நிழலில் வளரும் செடிகள், காய்ப்பு கம்மி. சிவந்த பழத்தை மட்டும் நாலைந்து தடவையாகப் பறிக்க வேண்டும். தோலெடுத்து, ஒரு ராத்திரி தொட்டியில் ஊறவிட்டு, வழவழப்புப் போகக் கழுவி, பாயில் காய வைப்பார்கள். பனி இறங்கினால் ஓடிப்போய் மூட வேண்டும். காய்வதற்கே இரண்டு வாரம் ஆகும். அத்தனையும் பூலுக்குப் போய்விடும். வீட்டுச் செலவுக்கென்று மட்டும் தோட்டத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொஞ்சம் விடுவார்கள்.

பேசிக்கொண்டே உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டு உபயோகத்துக்கு, மூன்று கிலோ, மேனேஜர் கையெழுத்து. நான் அதை இரண்டு தடவை படித்தேன். இன்று நினைத்தாலும் கூசுவது அந்த இரண்டாவது தடவைதான். ஒரு வருஷத்துக்கு அந்தக் குடும்பத்துக்கு வந்த மூன்று கிலோவில் ஒன்று என் நாற்காலிக்கடியில் கிடந்தது.

“தப்பா நெனச்சுக்காதீங்க” என்றேன் நாகராஜனிடம்.

“இல்ல சார். கேட்டுக்கறது நல்லதுதான்.”

தனம் பால் கொஞ்சமாக விட்டு அதே காபியைக் கொடுத்தார். இந்தத் தடவை அந்தப் புளிப்பு நாரத்தைப் பழம்போல இருந்தது. அதற்கு அப்புறம் எத்தனையோ மலைகளில் குடித்துவிட்டேன், அதற்கு ஈடாக எதுவும் அமையவில்லை. பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு 6.20 பஸ்ஸில் வீடு வந்தேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இப்போது பூல் இல்லை, தோட்டத்தின் பேரும் உயரமும் பாக்கெட்டிலேயே இருக்கும். பழம் பார்க்க ஜனவரி, பூப் பார்க்கச் சித்திரை மழை பெய்த பத்தாம் நாள். கருக வறுக்காதீர்கள், சிக்கரி சேர்க்காதீர்கள், டிகாக்‌ஷன் சீக்கிரம் இறங்கினால் பயப்படாதீர்கள். கடையில் வாங்கினால் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள். ஒருவர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள்.

மறுநாள் திங்கட்கிழமை மத்தியானம் நாகராஜன் டிபன் பாக்ஸைத் திறந்து, வழக்கம்போல எலுமிச்சை சாதத்தை மூடியில் எனக்கு எடுத்து வைத்தார். பிறகு என் பங்கிலிருந்து ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டு, மென்று முழுங்கி, நான் பார்த்தேனா என்று பார்த்துவிட்டு, மூடியை என் பக்கம் தள்ளினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. எனக்கு வேலூருக்கு மாற்றல் வரும்வரை இரண்டு வருஷம், தினமும் அப்படித்தான் கொடுத்தார்.