ஆற்றங்கரைப் புதர்

அந்தத் தெருவில் போய்க் குடைக்காரர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். குடை விற்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள், ரிப்பேர் பார்க்கிறவரும் இல்லை. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்ற மனுஷர். வாரமெல்லாம் அடுத்தவர் நிலத்துக்கு எல்லைக்கோடு போட்டுவிட்டு, விடுமுறை நாள் வந்தால் ஆற்றங்கரை, மலையடிவாரம், கல்குவாரி என்று கிளம்பிப்போய் எண்ணெய் வர்ணத்தில் படம் வரைவார். கேன்வாஸ் மேல் வெயில் நேராக விழுந்தால் வர்ணம் கண்ணை ஏமாற்றிவிடும் என்பதற்காக ஒரு பெரிய கறுப்புக் குடை வைத்திருந்தார். அதனால் வந்த பேர் அது. நியாயமாகப் பார்த்தால் அந்தப் பட்டம் அவர் மனைவிக்குப் போயிருக்க வேண்டும். அந்தக் குடையை ஒரு நாளாவது இவர் தூக்கினாரா? ஸ்டாண்டும் வர்ணப்பெட்டியும் இவர் தோளில். குடை, பிளாஸ்க், முக்காலி, ரொட்டிப் பொட்டலம் எல்லாம் அந்த அம்மாள் கையில். சுமந்தது ஒருத்தி, பேர் வாங்கியது இன்னொருத்தர். உலகத்தில் இது ஒன்றும் புதிதில்லை.

வீட்டுக்குள் உட்கார்ந்து வரைவது அவருக்கு ஆகவே ஆகாது. நினைவிலிருந்து வரைந்தால் பொய், போட்டோவைப் பார்த்து வரைந்தால் எச்சில் சோறு என்பார். கண்ணெதிரே இருந்தால்தான் கை ஓடும். தூறல் விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். எறும்பு கால்சட்டைக்குள் ஏறினாலும், இந்த நிழல் போய்விடும், கொஞ்சம் இரு என்று எறும்பிடமே சொல்வார்.

கையை நீட்டி, தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளவெடுப்பது வெளியில் வரைகிற எல்லோருக்கும் உள்ள பழக்கம். அளக்க ஏதாவது ஒன்று கண் முன்னால் இருக்க வேண்டும், இவருக்கு அது மனைவி. போய் அந்தப் பாறையில் உட்கார் என்பார். அவளும் மஞ்சள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஆற்றைப் பார்த்து, இவருக்கு முதுகு காட்டி உட்காருவாள். அவள் உச்சந்தலையிலிருந்து பாறைவரை தூரிகைக் காம்பில் கட்டைவிரலால் குறித்துக்கொள்வார். அதற்கப்புறம் எல்லாக் கணக்கும் அவளை வைத்துத்தான். அந்த மரம் நாலு நீ, அக்கரை மேடு ஒண்ணரை நீ என்று சத்தம் போட்டுச் சொல்வார். வயசாகி நான் குறுகிப்போனால் உங்கள் மரமெல்லாம் குட்டையாகிவிடுமே என்று அவள் திரும்பாமலே கிண்டல் செய்வாள்.

அப்படி அளந்து வரைந்த படங்கள் வீடு முழுக்கக் கிடந்தன. கூடத்துச் சுவரில், கட்டிலுக்கடியில், அலமாரிக்குப் பின்னால். ஒன்றில்கூட ஒரு மனித ஜென்மம் கிடையாது. ஆற்றில் வலை போடுகிறவன் நின்றால் அவன் போகிறவரை காத்திருப்பார், போகாவிட்டால் அவனை விட்டுவிட்டு வரைவார். படத்தில் ஆள் வந்தால் பார்க்கிறவன் கண் ஆளைத் தேடித்தான் போகும், அப்புறம் ஆறு எதற்கு, வானம் எதற்கு என்பது அவர் கட்சி. உங்கள் படத்தைப் பார்த்தால் ஊரையே காலி செய்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது என்பாள் அவள். அதற்கும் அவர் பெருமையாகத் தலையாட்டுவார். பிடித்தால் பிடித்த பிடிதான்.

ஒரே ஒரு தடவை அவள் கேட்டாள். ஆறு வளைகிற இடத்தில் வரைந்துகொண்டிருந்த காலை அது.

"ஒரு தடவை என்னையும் போடுங்களேன். இத்தனை வருஷமா உக்காந்திருக்கேன்."

அவள் எதையும் கேட்கிற ஆள் இல்லை. கேட்டுவிட்டாளே என்று முனகிக்கொண்டே, பாறை மேல் ஒரு மஞ்சள் சால்வை, அதற்கு மேல் கொண்டை என்று நாலைந்து இழுப்பில் போட்டுவிட்டார். அவள் வந்து பார்த்தாள். முதுகுதான் தெரிகிறது, ஆனாலும் நான்தான், கழுத்தைப் பாருங்கள், நானேதான் என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தோடே பிளாஸ்க்கைக் கழுவ ஆற்றில் இறங்கினாள்.

இவர் பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார். போச்சு. கண் நேரே அந்த மஞ்சளில் போய் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது. ஆறு இல்லை, வளைவு இல்லை, காலையிலிருந்து பட்ட பாடு எதுவுமே இல்லை. வெளிச்சம் வேறு மாறிக்கொண்டிருந்தது. ஆத்திரத்தில் தூரிகை நிறையப் பச்சையை எடுத்து, ஈரம் காயாத அவள் மேலேயே அப்பி ஒரு புதராக்கிவிட்டார். அவ்வளவுதான் வேலை, ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அவள் பிளாஸ்க்கை உதறிக்கொண்டு மேலே வந்தாள். படத்தைப் பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலாம். அவள் குடையை மடக்கினாள். வீட்டுக்குப் போகிற வழியில்தான் வாயைத் திறந்தாள்.

"பரவாயில்ல. அந்தப் புதருக்குப் பின்னாடி உக்காந்திருக்கேன்னு நெனச்சுக்கறேன்."

சமாதானமாகிவிட்டாள் என்று இவர் நிம்மதியாக நடந்தார். ஆண்பிள்ளைகளுக்கு நிம்மதி எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது, பாருங்கள்.

கொஞ்ச நாளில் அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. தெருமுனைப் பல் டாக்டர் பக்குவமாகப் பார்த்து, பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றிக் கொடுத்தார். அவருக்கு ஒரு படம் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். இவர் மலைப்படம் ஒன்றை எடுத்து வைத்தார். அவள் அதைத் தள்ளிவிட்டு அந்த ஆற்றுப் படத்தைத் தூக்கினாள். இதைவிட நல்லதெல்லாம் இருக்கிறதே என்று இவர் சொல்லிப் பார்த்தார். பல்வலியோடு உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பார்க்க ஒரு ஆறு வேண்டும், மலை எதற்கு என்று சொல்லிவிட்டாள். படம் டாக்டர் வீட்டு வராந்தாவில், நோயாளிகள் காத்திருக்கிற பெஞ்சுக்கு எதிரே ஏறியது. அதற்கப்புறம் பல் பார்த்துக்கொள்ள அவள்தான் போய்வந்தாள். இவருக்குப் பல் டாக்டர் என்றாலே பயம், அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை.

அவள் போனது திடுமென்றுதான். காலையில் அடுப்பை அணைத்தாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அப்புறம் எழுந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, வெளியூரிலிருந்து வந்த மகள் மட்டும் தங்கினாள். வீட்டிலிருந்த படங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சுவரோரமாகச் சாத்தி வைத்தாள். கூடம் நிறைந்து, நடை நிறைந்து, வாசல்வரை வந்துவிட்டது. எதைத் தேடுகிறாள் என்று இவருக்குப் புரியவில்லை. கடைசிப் படத்தையும் வைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா இருக்கற படம் ஒண்ணு குடுங்கப்பா. ஒண்ணே ஒண்ணு. நீங்க வரைஞ்சது."

அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோ இருக்கிறது, உன் கல்யாணத்தில் எடுத்தது இருக்கிறது என்றார். அதிலெல்லாம் அம்மா கேமராவுக்குப் பயந்து விறைத்துப்போய் நிற்கிறாள், எனக்கு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிற அம்மா வேண்டும் என்றாள் மகள். சின்ன வயதில் இவர்களோடு போய் அந்தச் சால்வைக்குள் புகுந்து தூங்கியவள் அவள். வாய் தவறியோ, ஆசையினாலோ, இருக்கிறது, தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். மகள் அதை நம்பி ஊருக்குப் போனாள்.

இருப்பது ஒன்றுதான், அதுவும் புதருக்கடியில். மேலே உள்ள பச்சையைப் பதமாகச் சுரண்டினால் கீழே அவள் இருப்பாள் என்று நினைத்தார். காயாத வர்ணத்தின் மேல் வர்ணம் வைத்தால் இரண்டும் கலந்துவிடும், கீழே என்று தனியாக ஒன்றும் மிஞ்சாது. இது தூரிகை பிடிக்கிற எவனுக்கும் தெரியும், இவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மனசு கேட்க வேண்டுமே. சால்வையைக் கெட்டியாகத்தானே வைத்தேன், அன்றைக்கு வெயிலும் சுள்ளென்று இருந்ததே, அதற்குள் பாலில் பிடிக்கிற மாதிரி மேலே ஆடை பிடித்திருக்கும் என்று தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டார்.

பல் டாக்டர் வீட்டுக்குப் போனார். டோக்கன் கொடுக்கிற பெண் அன்றைக்கு லீவு. டாக்டரே யாருடைய வாயையோ திறந்த மேனிக்கு விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். படத்தில் அழுக்கு சேர்ந்திருக்கும், துடைத்துப் புது வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்று இவர் கூசாமல் புளுகினார். தாராளமாக எடுத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். சுவரிலிருந்து இறக்கியபோது பார்த்தார், புதரின் இடது ஓரத்தில் லேசான மஞ்சள் படர்ந்திருந்தது. நாம் சொன்ன பொய் பலித்துவிட்டதே, உண்மையிலேயே வார்னிஷ் நாளாகி மஞ்சளாகப் பழுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பின்வாசல் வெளிச்சத்தில் படத்தைக் கிடத்தி, டர்பன்டைனில் பஞ்சை நனைத்து ஒற்றி, கத்தி முனையால் சுரண்டினார். முதலில் அந்தப் பழுத்த ஓரம் போயிற்று. பிறகு பச்சை உதிர்ந்தது. அதற்கடியிலும் பச்சை, சேறு நிறத்தில். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனார். கொண்டை வரும், கழுத்து வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டியவருக்குக் கடைசியில் வந்தது வெறும் வெள்ளைத் துணி. அவளும் இல்லை, புதரும் இல்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு, அவள் போன அன்றைக்கு வராத அழுகையை அன்று அழுதார்.

மறுநாள் அந்தப் படத்தோடு ஆற்றுக்குக் கிளம்பினார். குடையை முதல் தடவையாக அவரே தூக்கினார். அது இவ்வளவு கனக்கும் என்று இத்தனை காலம் தெரியாது. ஆறு அங்கேயேதான் வளைந்துகொண்டிருந்தது, பாறையும் இருந்தது. அளவில் சந்தேகமே இல்லை, அந்த மரத்தில் நாலில் ஒரு பங்கு அவள். வெள்ளையாகக் கிடந்த இடத்தில் சரியாக அந்த உயரத்துக்கு ஒரு மஞ்சள் சால்வையை வைத்தார், கொண்டையை வைத்தார். தள்ளி நின்று பார்த்தால் யாரோ ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள். தலையை எந்தப் பக்கம் சாய்ப்பாள்? தோள் இறங்கியிருக்குமா, நிமிர்ந்திருக்குமா? சால்வை முனையைக் கையில் பிடித்திருப்பாளா, மடியில் போட்டிருப்பாளா? அத்தனை வருஷம் கண்ணெதிரே உட்கார வைத்து அளந்தாரே தவிர, ஒரு நாளும் அவளைப் பார்க்கவில்லை. பாறையைப் பார்த்து, என்னை மன்னிச்சுடும்மா என்று வாய்விட்டே சொன்னார். பிறகு அந்த யாரோ ஒருத்தியைத் துணியால் துடைத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் மறுபடியும் ஒரு புதரை வரைந்தார். நல்ல புதர்தான், முன்னதைவிடச் சுத்தமான பச்சை.

மகளுக்குப் போன் செய்து, கிடைக்கவில்லை, எங்கேயோ தொலைந்துவிட்டது என்றார். அவள், விடுங்கப்பா, நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வர்ணம் காய்ந்ததும் படத்தைக் கொண்டுபோய்ப் பல் டாக்டர் வீட்டு வராந்தாவில் பழைய ஆணியிலேயே மாட்டினார். பெஞ்சு நிறைய ஆட்கள், ஆளுக்கொரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. டோக்கன் கொடுக்கிற பெண் மேசையை விட்டு எழுந்து வந்து படத்தை உற்றுப் பார்த்தாள்.

"சார், புதர் வேற மாதிரி இருக்கே?"

அழுக்கெல்லாம் எடுத்தேன் என்றார்.

"இந்த இடத்துல லேசா மஞ்சளா இருக்குமே, சார். அம்மா வந்தா இதுக்கு எதிர்லதான் உக்காருவாங்க. பக்கத்துல யார் இருந்தாலும் காட்டுவாங்க. அந்தப் புதருக்குப் பின்னாடி உக்காந்திருக்கறது நான்தான், நல்லாப் பாருங்க, சால்வை தெரியுதுன்னு. அழுற கொழந்தைங்ககூட அழுகைய நிறுத்திட்டுத் தேடும்."

புதரின் இடது ஓரத்தில் விரலை வைத்துத் தடவினாள்.

"இப்ப காணோமே. துடைக்கும்போது போயிடுச்சா?"

"ஆமாம்மா," என்றார் குடைக்காரர். "நான்தான் எடுத்துட்டேன்."

அன்றைக்கு ஆற்றங்கரையில் அத்தனை பச்சையை அப்பியும் அவள் போகவில்லை. ஓரமாக ஒரு இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன்னைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மகள் கேட்ட படம் இந்தச் சுவரில்தான் தொங்கியிருக்கிறது. அப்படியே தூக்கிக்கொண்டுபோய் மகள் கையில் கொடுத்திருந்தால் போதும். வார்னிஷ் பழுத்துவிட்டது என்று சொல்லி, முதலில் அதைத்தான் சுரண்டினார்.

படத்துக்கு எதிரே பெஞ்சு முனையில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். அந்த வராந்தாவில் ஒரு பெரிய மனுஷர் அழுவதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. பக்கத்தில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவர் மட்டும் அவர் முழங்காலைத் தொட்டார்.

"ரொம்ப வலிக்குதாங்க? நீங்க முதல்ல உள்ள போங்க. நாங்க இருந்துக்கறோம்."

பெஞ்சில் இருந்த மற்றவர்களும் ஆமாம், அவர் போகட்டும் என்று கால்களை மடக்கி வழிவிட்டார்கள்.