பழுதில்லாத வான்கோழி

எங்கள் வான்கோழி பறந்து போனதற்கு என் மனைவியின் பக்திதான் காரணம். இதை அவளிடமே சொல்லியிருக்கிறேன். அடி வாங்கவில்லை என்பதுதான் மிச்சம்.

போன வருஷம் என் வலது கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. விழித்திரை விலகிவிட்டது, பார்வை திரும்புமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கண்ணில் கட்டோடு நான் குப்புறப் படுத்துக் கிடந்த நாட்களில் அவள் ஒரு பொருத்தனை செய்துகொண்டாள். எனக்குக் கண் தெரிந்தால் எங்கள் சர்ச்சின் சபை நாள் விருந்துக்கு ஒரு வான்கோழிச் சேவல். கண் தெரிந்தது. குஞ்சாக வாங்கி அவள் கையால் தீனி வைத்து வளர்த்த சேவல் ஒரு வருஷத்தில் எட்டுக் கிலோ ஆனது. அது நடக்கிற தோரணைக்கு முன்னால் தாசில்தார் தோற்றுப்போவார். முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

ஒரு பக்கத்து இறக்கையைக் கத்தரித்துவிடு என்று நான் தலைகீழாக நின்று பார்த்தேன்.

“காணிக்கை பழுதில்லாம இருக்கணும்னு வேதத்துல கெடக்கு. இறக்கையை வெட்டினா அது பழுதுதானே?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து. அதற்கு முந்திய திங்கட்கிழமை சேவல் கூரையில் ஏறி, மதில் தாண்டி, எங்கள் ரப்பர் தோட்டத்துக்குள் போய்விட்டது.

மூன்று நாள் விரட்டினோம். தீனியைக் காட்டினால் பத்தடி தூரம்வரை வரும், பிறகு நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். வியாழக்கிழமை, கடியப்பட்டணத்திலிருந்து பைக்கில் மீன் கொண்டுவருகிறவர் வீச்சுவலையோடு வந்தார். “கடல்ல ஓடுகதையே புடிக்கோம், இது தரையில நடக்குகது, சாரே” என்று சொல்லி வீசினார். வலை நாலு ரப்பர் மரத்தையும் மரத்தில் கட்டியிருந்த ஏழெட்டுப் பால் சிரட்டையையும் பிடித்தது. வான்கோழி அயினி மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு எங்களை வேடிக்கை பார்த்தது.

அன்று சாயங்காலம் என் மனைவி படியில் உட்கார்ந்து தீனிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, “சுட்டுருங்க” என்றாள்.

என்னிடம் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி உண்டு. காட்டுப்பன்றி வந்து மரச்சீனிக் கிழங்கைக் கிளறுகிறது என்பதற்காக எடுத்த பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டு ஒப்படைத்து, முடிந்ததும் திரும்ப வாங்கி வருவேன். அதற்கு மேல் அந்தத் துப்பாக்கிக்கு வாழ்க்கையில் பெரிய அனுபவம் இல்லை.

“ஆனா ஒடம்புல ஒரு ரவைகூட படக்கூடாது. அது சபை சாப்பிடுக கறி. ஒரு ரவை இருந்தாலும் பழுதுதான். தலை எப்படியும் வெட்டிப் போடுகதுதானே, தலையில மட்டும் சுடுங்க” என்றாள்.

சொல்ல எளிது. ரவைத் தோட்டா ஒரே குண்டாகப் போவதில்லை. ஈய ரவைகள் கூட்டமாகக் கிளம்பிப் போகப்போக விரியும். என் துப்பாக்கியின் வலது குழல் நேர் குழல். இடது குழலின் வாய் கொஞ்சம் இடுங்கியிருக்கும், அதைத்தான் சோக் என்பார்கள். ஓஸ் பைப்பின் வாயைப் பெருவிரலால் அமர்த்திப் பிடித்தால் தண்ணீர் ஒடுங்கித் தூரத்துக்குப் போகிறதே, அந்தக் கணக்குதான். யூடியூப்பில் தேடினால், இலை அச்சடித்த சட்டை போட்ட ஒரு அமெரிக்கர் வான்கோழி வேட்டைக்கென்றே விதவிதமான சோக்குகளைக் குழல் நுனியில் திருகித் திருகி மாட்டுகிறார். முதலில் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள் என்கிறார். திருகுவதற்கு எனக்கு வழியில்லை. காகிதம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் மனைவி வான்கோழித் தலை வரைந்தாள். முப்பது வருஷம் ஞாயிறு பள்ளி டீச்சராக இருந்து படம் போட்ட கை. கழுத்துத் தொங்கலுக்குச் சிவப்பு ஸ்கெட்ச், அதற்குக் கீழே நெஞ்சு. அதை மண் திட்டில் குத்தி வைத்து, காலால் முப்பது எட்டு எடுத்து வைத்து அளந்து நின்றேன்.

முதலில் பன்றிக்கென்று வைத்திருந்த எஸ்.ஜி. தோட்டா. உள்ளே ஒன்பதே ரவை, ஒவ்வொன்றும் பெரிசு. தாளில் இரண்டு ஓட்டை விழுந்தது, இரண்டும் நெஞ்சில். “கொள்ளாம்” என்றாள் அவள். கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம், அவள் சொன்ன கொள்ளாமுக்கு நேர் எதிர் அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அடுத்து ஆறாம் நம்பர். தோட்டாவில் நம்பர் கூடக்கூட ரவை சின்னதாகும். ஆறாம் நம்பரில் இருநூறுக்கு மேல் இருக்கும். நேர் குழலில் போட்டேன், தாள் முழுக்க அம்மை போட்டதுபோல் ஆனது. புதுத் தாளில் இன்னொரு தலை வரையச் சொல்லி, இடுங்கிய குழலில் போட்டேன். தலையிலும் கழுத்திலும் எண்ண முடியாத அளவுக்கு ஓட்டை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவள் தாளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“நெஞ்சுல மூணு கெடக்கு. இந்த மூணும் யாருக்க பல்லுல?”

அப்போது தோட்டத்துக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு குரல் வந்தது. வெடிச்சத்தம் கேட்டால் வான்கோழிச் சேவல் பதில் சொல்லாமல் இருக்காதாம். இலைச் சட்டைக்காரர் சொல்லியிருந்தார். மூன்று நாளாய் எங்களை அலையவிட்ட ஆள், தான் இருக்கும் இடத்தைத் தானே சொல்லிவிட்டது.

மூன்று ரவையைப் பற்றி அன்று முழுக்க யோசித்தேன். இருபது எட்டுக்குக் கிட்டப் போனால் ரவைக் கூட்டம் இன்னும் ஒடுங்கியிருக்கும். ஆனால் அந்த அளவுக்குக் குறி கச்சிதமாக இருக்க வேண்டும், கொஞ்சம் பிசகினால் ஒன்றுமே படாது. குறியைத் தலைக்கு மேலே ஏற்றி வைத்தால் கூட்டத்தின் கீழ்ப்பாதி தலையில் படும், மிச்சம் ஆகாயத்தில் போகும். எல்லாம் அந்த ஒரு கண்ணை நம்பித்தான். அவளிடம் சொல்லவில்லை, எனக்குப் பயமாக இருந்தது. கண் சரியாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவனுக்கு அது சரியாகிவிட்டதா என்று இனிமேல்தான் தெரியப்போகிறது.

சனிக்கிழமை விடிந்து வெயில் விழுந்ததும், அது குரல் கொடுத்த பக்கம் போனோம். சேவல் அயினி மரத்தடியில் சிலிர்த்துக்கொண்டு நின்றது. பின்னால் மண் திட்டு, மேலே யாரும் இல்லை. இருபது எட்டில் நின்றேன். சிலிர்க்கும்போது கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்போது சுட்டால் நெஞ்சுதான். காத்திருந்தேன். என் மனைவி தீனி வைக்கும்போது கூப்பிடுகிறபடி “பா, பா” என்று கூப்பிட்டாள். அது கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தது. தலையின் சிவப்பும் கண்ணோரத்து நீலமும் சுருக்கம் சுருக்கமாகத் தெரிந்தன. இடது குழலின் விசையை இழுத்தேன்.

அது விழுந்த இடத்தில் துடிக்கக்கூட இல்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதன் முதுகைத் தடவினாள். “பாவம், நான் கூப்பிட்டதும் பாத்துது” என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் குறி தப்பாத சந்தோஷம் அதற்கு மேலே ஏறி நின்றது. அதை மறைக்க முடியாமல் சேவலின் தலையைத் தூக்கிக் காட்டினேன். கழுத்துக்குக் கீழே ஒரு ஓட்டை இல்லை. அவளும் சிறகு பறித்து, கறியைத் துண்டு துண்டாக விரலால் அமுக்கிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றாள். அன்று மாலைக்குள் ரவை படாத கதையை மீன்காரர் உட்படப் பத்துப் பேருக்காவது சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் பக்கத்துப் பந்தலில் விருந்து. பரிமாறியவர்களான நாங்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தோம். அவள் எனக்கு எதிர் வரிசையில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் போன மாதம் பல் செட் கட்டிய சபை மூப்பர். அதுவரை எந்தப் பந்தியிலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒவ்வொரு வாயாகப் பார்த்துப் பார்த்து அலுத்து, இப்போதுதான் நிம்மதியாக ஒரு துண்டு எடுத்தேன்.

அவள் மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. கன்னம் ஒரு பக்கம் லேசாகப் புடைத்தது. இடது கையை வாயருகே கொண்டுபோய் எதையோ எடுத்தாள். கறுப்பாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாக இருந்தது. யாரையும் பார்க்காமல் அதை இலைக்கு அடியில் தள்ளினாள்.

மூப்பர் திரும்பி அவளிடம் கேட்டார்: “துவக்கால அடிச்ச சேவலாமே இது? ரவை ஒண்ணும் கெடக்காதே, டீச்சரே?”

“ஒண்ணும் கெடக்காது, பயப்படாம தின்னுங்க” என்றாள். “அவருக்கு இப்ப கண்ணு நல்லாத் தெரியும்.”