சோபாக்காரர் வீட்டு மேனேஜர்

ஊருக்கெல்லாம் சோபா தைத்துக் கொடுக்கிறவர் வீட்டில் உட்கார ஒரு சோபா இல்லை. முன்பு இருந்தது. நல்ல மரச்சட்டம், அவர் கையாலேயே இழுத்துக் கட்டிய ஸ்பிரிங், அவரே பார்த்து வெட்டிய ஃபோம். யானை ஏறி உட்கார்ந்தாலும் பள்ளம் விழாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தட்டிக் காட்டிய சோபா. மனைவியின் காரியம் எல்லாம் முடிந்து அவர் கடைக்குத் திரும்பிய முதல் நாளே நாய் அதன் வயிற்றைக் கிழித்துக் குடலை உருவி வீடு முழுக்க இறைத்துவிட்டது.

சோபாக்காரர் என்றால்தான் அவரை நாலு பேருக்குத் தெரியும். அவர் பள்ளிக்கூடம் போனது மழைக்கு ஒதுங்கியது போலத்தான். அடுத்தவன் பட்டறையில் தரை கூட்டி, சிந்திய ஆணியைப் பொறுக்கி, திட்டு வாங்கி, ஒரு வளைந்த ஊசியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து சொந்தக் கடை போட்டவர். யாரும் தூக்கிவிடவில்லை. இதை அவர் தினமும் ஒரு தரமாவது சொல்லிவிடுவார். சொல்லட்டுமே! உழைத்து மேலே வந்தவன் சொல்லாமல், அப்பன் சொத்தில் உட்கார்ந்து தின்கிறவனா சொல்லுவான்? "என் தையலப் பிரிக்கணும்னா பிளேடு வேணும், பல்லால ஆகாது" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு.

நாய் அவருடையது அல்ல. மகள் கல்யாணமாகி வேறு ஊர் போனதும், வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று மனைவி எங்கிருந்தோ தூக்கி வந்தது. வெள்ளையும் பழுப்புமாய், ஒரு காது மடங்கி, பார்த்தால் யாரோ பாதியில் விட்டுப்போன வேலை மாதிரி இருந்தது.

"பேரு என்ன வெச்சிருக்க?" என்று அன்றைக்குக் கேட்டார்.

"மேனேஜர்."

"இது ஒரு பேரா?"

"ஒரு வேலையும் செய்யாம, செய்யுறவங்கள உக்காந்து வேடிக்கை பாக்குது. வேற என்ன பேரு வெக்கச் சொல்றீங்க?"

மேனேஜருக்கும் அவருக்கும் ஒட்டவே இல்லை. அவர் பசை நாற்றத்தோடு உள்ளே வருவார், அது தும்மும். "தள்ளு" என்பார், அது தள்ளும். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அந்த அம்மாள் எழுந்தால் அது எழும், உட்கார்ந்தால் உட்காரும், குளிக்கப் போனால் கதவடியில் மூக்கை வைத்துக்கொண்டு படுக்கும். பாவம், அது பிறந்து வளர்ந்ததில் தனியாக இருந்ததே கிடையாது.

ஒரு காலையில் அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கதவருகே குனிந்து, "இரு கண்ணு, இதோ வந்துடுறேன்" என்று அதன் தலையைத் தடவினாள். பிறகு அவள் வரவில்லை. மனிதனுக்கு என்றால் நாலு பேர் வந்து சொல்லிப் புரியவைப்பார்கள். நாய்க்கு யார் சொல்வது?

அவர் செருப்பை மாட்டினால் போதும், நாய்க்கு உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும். கதவைச் சாத்தியதும் ஊளை. குரைப்பு என்றால்கூடப் பொறுக்கலாம். இது அடிவயிற்றிலிருந்து வந்தது, நிற்காமல் வந்தது. கதவின் கீழ்ப்பலகை சீவல் சீவலாக உரிந்துவிட்டது.

கீழ்வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். ராத்திரி வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவள். ஒரு நாள் படியேறி வந்து நின்றாள்.

"ஐயா, ராத்திரி பூரா நின்னுட்டு வந்து படுக்கிறேன். தூக்கம் போறதுகூடப் பரவாயில்ல. அது அழறதக் கேட்டா எனக்கே அழுகை வருது."

வாடகை வாங்கும் வீட்டுக்காரருக்கு அழுகை எல்லாம் வரவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். அப்புறம் நாய் இருக்கணும், இல்ல நீங்க இருக்கணும்."

"ரெண்டு பேரும் இருந்தா?"

"ரெண்டு பேரும் வெளிய இருங்க."

மகள் போனில், "யாருக்காவது குடுத்துடுங்களேன்ப்பா" என்றாள்.

"உங்கம்மா வளத்ததும்மா."

"அம்மாதான் இல்லையேப்பா."

"அதுக்காக? ஒத்த ஊசியில கடை போட்டவன், ஒரு நாய அடக்க முடியாதாக்கும்?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்த வீட்டில் மனைவியின் சமையல் நின்றுபோயிற்று, அவள் பேச்சு நின்றுபோயிற்று. அவள் வளர்த்ததில் உயிரோடு மிஞ்சியது இது ஒன்றுதான். இதையும் பிடித்துக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் நுழைவது? இதை அவர் மகளிடம் சொல்லவில்லை. மனதில் உள்ளதைப் போனில் கொட்டுகிற ஆள் இல்லை அவர்.

தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தார். கதவுக்குத் தகரம் அடித்தார்; தகரத்தைச் சுரண்டும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அதட்டினார், நாய் நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. ரேடியோவைப் பாடவிட்டுப் போனார். அது ரேடியோவோடு சேர்ந்து ஊளையிட்டது. கடைக்கே கூட்டிப்போனார். அங்கே கடையாள் நெட்டை, கம்ப்ரஸரைப் போட்டு, காற்றில் ஆணி அடிக்கிற ஸ்டேப்லரை ஒரு தட்டுத் தட்டினான், டப்பென்று. நாய் ரெக்ஸின் சுருளுக்குள் பாய்ந்து, அங்கிருந்து வாசலுக்குப் பாய்ந்து, வண்டிகளுக்கு நடுவில் ஓடியது. பிடித்துத் தூக்கிவருவதற்குள் சோபாக்காரரின் முழங்கால் சிராய்ந்துவிட்டது.

"அண்ணே, இது நமக்குச் சரிப்படாது" என்றான் நெட்டை.

"உன்னயவே சரிப்படுத்துனேன். இத முடியாதா?"

கடைசியில் நாய் டாக்டரிடம் போனார். சின்ன வயசுப் பெண். நாயை மேஜைமேல் ஏற்றாமல் தானும் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். அது அவருக்குப் பிடித்தது. வேலை தெரிந்தவர்கள்தான் தரையில் உட்காருவார்கள்.

"இது திமிர் இல்லங்கய்யா, பயம். அதட்டுனா இன்னும் கூடும். செருப்பு மாட்டுங்க, போகாம உக்காந்துடுங்க. கதவத் திறங்க, மூடிட்டு உள்ளயே நில்லுங்க. அப்புறம் வெளிய போயி, அது அழ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி திரும்பிடுங்க. கொஞ்சங்கொஞ்சமா கூட்டணும். மாசக்கணக்கா ஆகும்."

"மாசக்கணக்காவா? வேற எதாச்சும் சட்டுனு கேக்குற மாதிரி?"

"மருந்து எழுதறேன், அதுவும் மெதுவாத்தான் கேக்கும். அதோட, வீட்டு ஆள் உடுத்துன துணி, துவைக்காதது ஒண்ணு, அது படுக்கிற இடத்துல போட்டு வைங்க. வாசனை இருந்தா தைரியமா இருக்கும்."

வீட்டு ஆள் என்றாளே, அது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நாய்க்கு வீட்டு ஆள் என்றால் ஒருத்திதான். அதோடு, ஒரு விஷயத்தை இரண்டாம் தரம் கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மனைவியின் பழைய ஸ்வெட்டர் மாட்டியபடியே இருந்தது. மற்ற துணிகளை மகள் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டாள். இதை மட்டும் அவர் தொடவிடவில்லை. துவைக்காதது. கதவைச் சாத்தும்போது தற்செயலாக முகம் படுவது போல அதில் முகத்தை வைத்து எடுப்பார். வீட்டில் யாரும் இல்லாதபோதும் தற்செயல்தான்.

அதைக் கழற்றி எடுத்தார். டாக்டர் சொன்னபடி தரையில் போட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் ஆயுசு முழுக்கப் பஞ்சையும் ஃபோமையும் வெளியே தெரியாமல் மூடி மூடிப் பழகிய கை அது. பெண்டாட்டியின் துணியைக் கந்தல் மாதிரி நாய்க்கு எறிய மனம் வரவில்லை. கடைக்கு எடுத்துப்போனார். இரண்டு ஃபோம் அட்டைக்கு நடுவில் ஸ்வெட்டரை மடித்து வைத்து, இருக்கிறதிலேயே கெட்டியான துணியைப் போட்டு, ஓரத்தில் கயிறு வைத்துச் சுருட்டிப் பைப்பிங் கொடுத்து, நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டு ஒரு மெத்தை தைத்தார். பணக்கார வீட்டுக்குக்கூட அப்படி ஒரு வேலை செய்ததில்லை.

"யாருக்குண்ணே இது?" என்றான் நெட்டை.

"மேனேஜருக்கு."

"எனக்கு இந்தக் கடையில ஒரு ஸ்டூல்கூட இல்ல."

"நீயும் ஊளையிடு, தச்சுத் தரேன்."

மறுநாள் மெத்தையைப் போட்டதும் நாய் ஓடி வந்து மோந்தது. வால் மெதுவாக ஆடியது. அந்த அம்மாள் போன பிறகு அந்த வால் ஆடி அவர் பார்த்ததில்லை. அவர் செருப்பு மாட்டினார்; நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படியில் நின்று காதைத் தீட்டினார். சத்தமே இல்லை. கடையில் அன்றைக்கு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. "டாக்டர் மாசக்கணக்குன்னு சொல்லுச்சு. நம்ம கைக்கு ஒரு ராத்திரி!" என்று டீக்கடைக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டு வந்தார்.

சாயங்காலம் கதவைத் திறந்தபோதும் சத்தம் இல்லை. ஃபோம் துகள்கள் காற்றில் பறந்தன. நடுவில் நாய் படுத்திருந்தது. வாயெல்லாம் ரத்தம். முன்னங்கால் நகம் ஒன்று பிய்ந்து தொங்கியது. நைலான் நூல் பல்லிடுக்கில் மாட்டி ஈறை அறுத்திருந்தது. முன்பல் ஒன்று உடைந்து, மெத்தை ஓரத்துப் பைப்பிங்கில் குத்திக்கொண்டு நின்றது. தையல் அப்போதும் பிரியவில்லை. துணி கிழிந்திருந்தது, தையல் பிரியவில்லை.

பகல் பூராவும் அது அழாமல் இருந்ததற்குக் காரணம், அதற்கு வேலை இருந்தது. உள்ளே அவள் இருக்கிறாள் என்று மூக்கு சொல்லியிருக்கிறது. யாரோ வைத்துத் தைத்துவிட்டார்கள், வெளியே எடுக்க வேண்டும் என்று அது பாடுபட்டிருக்கிறது. எடுத்தும்விட்டது. ஸ்வெட்டர் நூல் நூலாக, எச்சிலும் ரத்தமுமாய் அதன் தாடையின் கீழே கிடந்தது. சோபாக்காரர் ஒரு பிடி எடுத்து முகத்தருகே கொண்டுபோனார். ரத்த வாடைதான் அடித்தது.

டாக்டர் உடைந்த பல்லைப் பிடுங்கி, நகத்துக்குக் கட்டுப் போட்டாள். நடந்ததைக் கேட்டுக்கொண்டாள்.

"ஐயா, உங்க துணியத்தானே நான் சொன்னேன்?"

"என் துணியா? அது எதுக்கு?"

"நீங்க போறப்பத்தானே அழுது."

"அது அவளுக்காக அழுதும்மா."

"இருக்கலாம். ஆனா நீங்க உள்ள வந்ததும் நிறுத்திடுதுல்ல? அதுக்கு இப்ப மிச்சம் நீங்க ஒருத்தர்தான். நீங்களும் வராமப் போயிடுவீங்களோன்னு பயப்படுது."

சோபாக்காரர் குனிந்து நாயைத் தூக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதை வரி பிசகாமல் செய்தார். செருப்பை மாட்டுவார், உட்காருவார். கதவைத் திறப்பார், மூடுவார். வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டு வருவார். வாசலில் அவருடைய பசை நாற்றம் அடிக்கும் பனியன் ஒன்று கிடந்தது. நாய் அதன்மேல் தாடையை வைத்துப் படுத்தது. தும்மக்கூட இல்லை. கீழ்வீட்டு நர்ஸ் மொட்டைமாடியில் துணி காயப்போடப் படியேறிப் போகும்போது, "என்னங்கய்யா, வீட்டுலருந்து துரத்திட்டாங்களா?" என்று கேட்டுச் சிரிப்பாள். முன்னேற்றம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நத்தை வேகம். தெருமுனைக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வரும் அளவுக்கு அது தாங்கியது. அவர் தன் கடைக்குப் போய் ஒரு பகலைக் கழித்து வரும் அளவுக்குத் தாங்கவில்லை. மாசக் கடைசியோ யாருக்காகவும் நிற்கவில்லை.

வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். "என்ன முடிவு பண்ணீங்க?"

"இனி நாய் அழாது."

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் வீட்டுலயே இருக்கேன்."

கடைச் சாவியை நெட்டையிடம் கொடுத்தார். கொடுக்கும்போது கை கொஞ்சம் இழுத்தது. நெட்டையும் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது. கம்ப்ரஸர், ஸ்டேப்லர், மரச்சட்ட வேலை எல்லாம் அங்கே. சத்தமில்லாத கைத்தையல் மட்டும் வீட்டில், அவருக்கு. குஷன் உறை, பைப்பிங், பட்டன் கட்டுவது. ஆரம்பத்தில் அவர் பழகிய வேலை.

முதலில் வாடிக்கைக்காரர்கள் போன் செய்து அவரிடம் விலை கேட்டார்கள். பிறகு நெட்டையிடமே கேட்டுக்கொண்டார்கள். மட்டமான ஃபோம் போடுகிறான் என்று காதில் விழுந்தது. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. செருப்பை மாட்டினார். நாய் தலையைத் தூக்கியது. உட்கார்ந்துவிட்டார். 'நாய்க்குக் காவலுக்கு இருக்கிற ஒரே மனுஷன்' என்று டீக்கடையில் கேலி பேசுகிறார்களாம். பேசுகிறவன் எவனும் ஒரு கடையைக் கட்டி எழுப்பினவன் இல்லை. அந்தத் தைரியத்தில் கேட்காத மாதிரி இருந்தார்.

மழை பிடித்த ஒரு மத்தியானம் நெட்டை ஒரு துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தான். உள்ளே வரவில்லை, கதவருகிலேயே இறக்கினான்.

"அண்ணே, இது அவசரம். நாளைக்குக் காலையில ஆள அனுப்புறேன், முடிச்சு வெச்சிடுங்க. போன தடவ தையல் கொஞ்சம் கோணலா இருந்துச்சு, பாத்துக்கங்க."

அவர் தையல் கோணல் என்று அதுவரை ஒருத்தனும் சொன்னதில்லை. நெட்டையை நிமிர்ந்து பார்த்தார்.

"கண்ணு சரியா தெரியலையாண்ணே?"

"ஜன்னல் வெளிச்சம் பத்தல" என்றார் சோபாக்காரர். "வெச்சுட்டுப் போ."

அவன் இறங்கிப் போனதும் மூட்டையை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார். மூன்றாவது தரம்தான் ஏறியது. மேனேஜர் அவர் முழங்காலில் முதுகைச் சாய்த்து, வாயைத் திறந்து, பல் போன இடம் தெரியத் தூங்கிக்கொண்டிருந்தது. எட்டிக் கத்தரிக்கோலை எடுக்க வேண்டியிருந்தது. அசைந்தால் விழித்துக்கொள்ளும் என்று நூலைப் பல்லால் கடித்தார்.