சரிவுக்கு அறுத்த நாற்காலி

அபார்ட்மென்ட்டின் பி விங்கில் இருந்த ப்ரீதி குடும்பம் கனடா போனபோது, நான்கு சாப்பாட்டு நாற்காலிகளை பேஸ்மென்ட்டில் விட்டுவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் எடுக்கிற பங்கார் வண்டி வந்தால் உடைசலோடு உடைசலாக அள்ளிக்கொண்டு போய்விடும். சனிக்கிழமை காலையில் ஆனந்தவல்லி அதில் ஒன்றை லிஃப்ட் வரைக்கும் இழுத்து வந்தாள்.

"காகூ, சாரோ லே ஜாவ் நா" என்றார் செக்யூரிட்டி, நாலையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லி.

"ஏக் ஹீ பஸ், பையா" என்றாள், ஒன்று போதும் என்று. ஒன்றையே தூக்க முடியவில்லை.

அவளுக்கு வலது தோள் போய் இரண்டு மாதம் ஆகிறது. இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு கணவர் விச்சு தினமும் அவள் தோளில் சாய்ந்து நின்றபடிதான் குளிக்கிறார். தாழ்வான ஸ்டூல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆன்லைனில் வந்த வெள்ளைக் குளியல் நாற்காலியை விச்சு ஏறிட்டும் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரி சாமானெல்லாம் ஆத்துக்குள்ள வேண்டாம், வல்லி." இரண்டு முறை வரவழைத்து, இரண்டு முறையும் திருப்பி அனுப்பியாயிற்று. என்றைக்காவது ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து விழப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியும். அறுபத்தாறு வயதில் அதை யோசித்துக்கொண்டேதான் தினமும் கெய்சரைப் போடுகிறாள்.

நாற்காலியின் அடியில் நான்கு திருகுகள். கழற்றியதும் மெத்தை கையோடு வந்தது. மிஞ்சிய சட்டத்தில், தண்ணீர் வடியட்டும் என்று, பிம்ப்ரி மார்க்கெட்டில் வாங்கிய நைலான் நாடாவைக் கட்டிலுக்குப் பின்னுவதுபோல இழுத்துப் பின்னினாள். ஹாலில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"மர நாற்காலி. போன தீபாவளிக்கு ப்ரீதி ஆத்துல இதுலதான் உக்காந்து சாப்டேள்" என்றாள்.

விச்சு நாடாவை அழுத்திப் பார்த்தார். "சரி, பாக்கலாம்."

குளியலறையில் உட்கார்ந்த மறுகணமே நாற்காலி முன்னால் சாய்ந்தது. அவர் கத்திக்கொண்டு சுவரின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார். அவள் வலிக்கிற தோளைக் கொடுத்துத் தாங்கினாள்.

"கொல்லப் பாக்கறியா? முப்பது வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவ! தரை சரிவுன்னு தெரியாதா?"

"தரை சரிவு இல்லேன்னா தண்ணி எப்படிப் போகும்னு நீங்களாவது கேட்டேளா?"

அன்று ஈரத்துணியால் துடைத்துவிட்டதோடு சரி. "இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றார் விச்சு, கண்ணை மூடிக்கொண்டு.

மறுநாள் அவர் தூங்கும் நேரம் பார்த்து, நாற்காலியைக் குளியலறையில் அதே இடத்தில் வைத்தாள். திருப்பிப் போட்டால் கம்பி எட்டாது. மட்டம் பார்க்க, இருக்கையின் மேல் ஒரு தட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். முன்கால்களுக்கடியில் அட்டையை மடித்து மடித்துச் செருகினாள். ஒரு பக்கமாக ஒதுங்கி நின்ற தண்ணீர் மெல்ல நடுவுக்கு வந்தது. அட்டையின் கனம் இரண்டு விரற்கடைக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவையும் பின்கால்களில் அறுக்க வேண்டும்.

செக்யூரிட்டியிடம் கேட்டு வாங்கிய ரம்பத்தால் இடது கையாலேயே அறுத்தாள். ஒரு காலுக்கு அரைமணி நேரம். நடுவில் இரண்டு தடவை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கால்களுக்கு ரப்பர் உறை மாட்டி ஹாலில் வைத்தபோது, நாற்காலி மல்லாந்து விழப்போகிற மாதிரி இருந்தது.

"இதுல மனுஷா உக்காருவாளா?" என்றார் விச்சு.

"இங்க உக்கார வேண்டாம். அங்க மட்டும். முதல்ல நான் உக்காந்து காட்டறேன்."

குளியலறையில் உட்கார்ந்து காட்டினாள். இப்படியும் அப்படியும் அசைந்து காட்டினாள். வாசற்படியில் வாக்கரைப் பிடித்தபடி அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திரு" என்றார் கடைசியில்.

உட்கார்ந்தார். ஒரு கை கம்பியில். நாற்காலி அசையவில்லை. அவள் முதல் சொம்பை ஊற்றியபோது அவர் கம்பியை விட்டார். மூன்றாவது சொம்பில் சோப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆனந்தவல்லிக்குச் செய்ய எதுவும் இல்லாமல் போயிற்று. வலது கையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"வல்லி, முதுகு?"

"இருங்கோ, வரேன்" என்றாள். உடனே எழுந்திருக்கவில்லை.