குத்தகை நிலத்து மரங்கள்

சின்னவள் அந்தப் பேரை முதலில் கேட்டது, வாழ்க்கைப்பட்டு வந்த மூன்றாம் நாள், மாவு மில்லில். "மரக்கிறுக்கிக்கு ஓரகத்தியா நீ? பாத்தும்மா, அசந்தா உன் தலையிலயும் ஒரு கன்னு நட்டுடுவா" என்றார் மில்காரர். வரிசையே சிரித்தது. அது தன் புருஷனுடைய அண்ணிக்கு ஊர் வைத்த பேர் என்று வீடு வந்து சேர்ந்த பிறகுதான் சின்னவளுக்குப் பிடிபட்டது.

அந்த வீட்டு மாமனாருக்குப் பிள்ளைகள் மூன்று. மூத்தவர் லாரியில் லோடு ஏற்றப் போன இடத்தில் மூட்டை சரிந்து போய்ச் சேர்ந்தார். நடுவில் ஒரு நாத்தனார், கட்டிக்கொடுத்த பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள். கடைக்குட்டி, வெல்டிங் பட்டறை வைத்தவன், சின்னவளுடைய புருஷன். மூத்தவருடைய மனைவி பெரியவளுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கென்று இருந்தது, சிமெண்ட் கடைக்காரரிடம் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்திருந்த ஒன்றரை ஏக்கர் சரிவு நிலம்தான்.

நிலமா அது? மழை பெய்தால் மண் ஓடும், காற்றடித்தால் பறக்கும். மக்காச்சோளத்துக்கு நடுவே மலைவேம்பு நட்டால் மண் நிற்கும், ஏழு வருஷத்தில் மரத்துக்கும் விலை வரும் என்று எங்கோ கேட்டுவிட்டு, விதை போட்டுத் தானே கன்று வளர்த்து நட்டாள். அத்தனையும் ஆட்டு வயிற்றுக்குப் போயிற்று. அப்போது வந்த பேர்தான் மரக்கிறுக்கி.

"மரத்தை வித்தா அரை ஏக்கராவது என் பேர்ல வாங்கிடுவேன். அப்புறம் எவன் வாசல்லயும் நிக்க வேணாம்" என்பாள்.

வேளாண்மை ஆபீசில் கன்று இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு போனாள். பெரியவளுக்கு எழுத்து வராது. சின்னவள் பத்தாவது வரை படித்தவள்.

"குத்தகைக்காரங்களுக்குக் கிடையாது. நிலத்துக்காரர் வரணும்" என்றார் குமாஸ்தா, தலையைத் தூக்காமலே.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சின்னவள் விண்ணப்பப் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சிமெண்ட் கடைக்காரராவது, கன்னு வாங்க வரிசையில நிக்கிறதாவது! உன் பேரையே எழுதிடறேன்க்கா. யார் பாக்கப் போறாங்க?"

"தப்பாயிடாதே?"

"ஒரு கட்டம்க்கா. ஒரே ஒரு கட்டம்."

நில உரிமையாளர் என்ற கட்டத்தில் பெரியவள் பேரை எழுதினாள். மறுநாள் வேறு குமாஸ்தா இருந்தார். வாங்கிச் சீல் போட்டு இருநூறு கன்று கொடுத்தார்.

இந்தத் தடவை முள்வேலி கட்டினாள். கிழக்கு மேற்காகக் கயிறு பிடித்து, வரிசைக்கு வரிசை பன்னிரண்டு தப்படி விட்டு நட்டாள். ரெண்டு வருஷம் மரத்தை ஒட்டின சோளம் சோனியாகத்தான் நின்றது. "மரம் தின்னது போக மிச்சம் உனக்கா?" என்று மில்காரர் கேட்டார். அவள் பக்கக் கிளைகளைக் கழித்து வெயிலை உள்ளே விட்டாள். கழித்த கிளை ஆட்டுக்கு, உதிர்ந்த இலை மண்ணுக்கு. நாலாம் வருஷம் மழை பொய்த்தது. ஊரில் சோளம் இடுப்புயரத்திலேயே கருகிப் போக, அவள் வயலில் மட்டும் கதிர் பிடித்தது. மண்ணைக் கிள்ளினால் ஈரம் விரலில் ஒட்டியது. மில்காரரே வந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனார்.

ஐந்தாம் வருஷம் ஆபீஸ்காரர்கள் மரங்களை எண்ணிக் கணக்கெடுத்து, யார் நிலத்தில் எத்தனை என்று சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். சிமெண்ட் கடைக்காரர் அதைப் படித்தார். தன் சர்வே எண், உரிமையாளர் பேர் வேறு.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "என் நிலத்துக்கு நீ எப்பம்மா சொந்தக்காரி ஆன?"

பெரியவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

"யார் எழுதினது இதை?"

சின்னவள் அடுப்படியில் நின்றிருந்தாள். வெளியே வந்து நான்தான் என்று சொல்லப் பத்தடிகூட இல்லை. விறகை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே நின்றாள்.

"நான்தாங்க சொல்லி எழுத வச்சேன்" என்றாள் பெரியவள். "கன்னுக்காகத்தாங்க. ரெண்டே ரெண்டு வருஷம் விடுங்க. மரத்தை வெட்டிக்கிட்டு நிலத்தை விட்டுடறேன். எந்தப் பேப்பர்ல வேணா கைநாட்டு வைக்கிறேன்."

"எங்கப்பா இப்படித்தான் இரக்கப்பட்டுக் குத்தகைக்காரன்கிட்ட ஒரு தோப்பையே பறிகொடுத்தார். இன்னைக்குக் கட்டத்துல பேரு, நாளைக்குப் பட்டாவுல பேரு. அறுப்பு முடிஞ்சதும் இறங்கிடு. என் மண்ணுல நிக்கிற மரம் என் மரம்."

நிலத்தை டிராக்டர்காரர் ஒருவர் கூடுதல் குத்தகைக்குக் கேட்டார். இந்த மண்ணுக்குத் தரலாம் என்றார். மண்ணை இந்த மண்ணாக்கினது எது என்று அவர் கேட்கவில்லை. வரிசை மரம் டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்றார். ஒரு பொக்லைன் வந்தது. ஒன்றரை நாள் வேலை. மரம் தொடைப் பருமன்தான் ஆகியிருந்தது, பலகைக்கு ஆகாது, செங்கல் சூளைக்கு விறகாகப் போயிற்று. பெரியவள் பார்க்கப் போகவில்லை. சின்னவள் போய்ப் பார்த்தாள். குருவிகள் அந்த வெறும் நிலத்துக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தன.

அந்தக் கோடையில் காற்று அங்கிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்தது. பட்டறைத் தகரத்தில் செம்புழுதி விரல் கனத்துக்குப் படிந்தது. சின்னவள் துடைத்துக்கொண்டே ஒருநாள் கேட்டுவிட்டாள்: "என்னை ஏன்க்கா காட்டிக் கொடுக்கல?"

"காட்டிக் கொடுத்தா மரம் நிக்குமா?" என்றாள் பெரியவள். திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருக்கலாம். அதற்காகச் சின்னவள் காத்துக்கொண்டே இருந்தாள். பெரியவளோ அடுத்த வாரம் ஆடுகளை விற்றுவிட்டுத் துணிமணியை மூட்டை கட்டினாள்.

இப்போது அவள் டவுனில் பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறாள். பின்னால் உள்ள சந்தில் ஜன்னல் இல்லாத ஒரு அறையில் குடியிருக்கிறாள்.