இறந்தவர் விற்ற பங்குகள்

சென்ற ஆண்டு, யுத்தத்தால் ரப்பர் விலை ஏறியிருந்த நேரம். வெள்ளவத்தையில் ஆசிரியையாக இருக்கும் நான், பங்குத் தரகர்களின் பட்டியலில் இல்லாத ஒரு சிறு தோட்டக் கம்பனியின் பங்குகளை, வீடு வீடாக வந்து விற்ற ஒருவரிடம் வாங்கினேன். பாதிப் பணம் கொடுத்துப் பங்குப் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டேன்.

"பங்குச் சொந்தக்காரர் போன கிழமைதான் இதில கையெழுத்து வைச்சவர். உங்கட பேரை எழுதினாச் சரி, ரீச்சர்" என்றார்.

பெயர் மாற்றுவதற்காகக் நகரின் கோட்டைப் பகுதியிலுள்ள கம்பனிக் கந்தோருக்குப் போனேன். பத்திரத்தைப் பார்த்த கிளாக்கரின் முகம் மாறியது.

"இதில பேர் இருக்கிற மனுசன் செத்து ஒரு வருசமாச்சு. இது களவுபோன பத்திரம்" என்றார்.

பொலிஸ் வந்தது. மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணப்போகிறேன் என்றே நினைத்தேன். மிச்சப் பணத்துக்குப் பங்கு விற்றவர் மாலையில் வீட்டுக்கு வருவார் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"வழமைபோலக் கதையுங்கோ" என்று சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் என் குசினிக்குள் அடுப்படியில் ஒளிந்து நின்றார்.

அந்த மனிதர் வந்து உட்கார்ந்தார். நான் கொடுத்த தேத்தண்ணீர் சாசரில் சிந்தியது.

"ஏன் ரீச்சர் நடுங்கிறியள்?"

"காய்ச்சல்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் பார்த்தார். எழுந்து ஓடுவதற்குள் இன்ஸ்பெக்டர் பிடித்துவிட்டார்.

இப்போது பங்கு வாங்குவதென்றால், விற்பவரைக் கம்பனிக் கந்தோருக்கே வரச் சொல்கிறேன். அங்கே என் பெயர் பதிந்த பிறகுதான் பணம். தெரியாத எவரையும் வீட்டுக்குள் இருத்துவதில்லை.